பூட்டுக் கொல்லரின் மைந்தர் ஜார்ஜ் சைமன் ஓம்

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி, பாபநாசத்தில் மின்சாரத்தை ஈன்ற பின்னரே வயல்களை நோக்கி இறங்குகின்றது. அங்குள்ள நீர்மின் நிலையம் 1944ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. சிற்றூர்கள் பலவற்றில் ஊர்த் தெருவில் விளக்கு ஒளிர்ந்து நெடுநாள் சென்ற பின்னரே நம் தெருவுக்கு ஒளி வந்தது என்பதை நம் பெரியோர் அறிவர். இன்று நம் இல்லங்களிலும் விளக்கு எரிகின்றது. ஆயினும் அவ்விளக்கின் கணக்கை அறிந்தோர் நம்முள் எத்தனை பேர்? அக்கணக்கை வகுத்தளித்தவர் ஒரு கைத்தொழிலாளியின் மைந்தர். நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் அப்பெருமகனாரின் வரலாற்றை இளைஞர் முன் வைக்க விழைகின்றோம்.

செருமனியின் எர்லாங்கன் நகரில் 1789ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 16ஆம் நாள் ஜார்ஜ் சைமன் ஓம் பிறந்தார். தந்தையார் பூட்டுச் செய்யும் தொழிலாளி. தாயார் தையற்காரர் ஒருவரின் மகள். பிறந்த குழந்தைகள் எழுவருள் மூவரே பிழைத்தனர். ஓமின் பத்தாம் வயதில் அன்னையும் மறைந்தார். தந்தையாரோ, முறையான கல்வி பெறாதிருந்தும், கணிதத்தையும் இயற்பியலையும் தாமே கற்றுத் தேர்ந்து, தம் மைந்தர்க்கும் கற்பித்தார். அதன் பயனாக இளையவர் மார்ட்டினும் பின்னாளில் கணிதப் பேராசிரியரானார்.

ஓமின் இளமை குற்றமற்றதன்று. 1805இல் பல்கலைக்கழகம் புகுந்தவர் நடனத்திலும் பனிச்சறுக்கிலும் பொழுதைப் போக்கினார். தந்தையார் சினந்தார், ஒன்றரை ஆண்டில் படிப்பு நின்றது. சுவிட்சர்லாந்தில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவாறே தாமாகப் படித்து, மீண்டு வந்து 1811இல் முனைவர் பட்டம் பெற்றார். இடையில் நின்ற படிப்பைத் தொடர இயலும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1817இல் கொலோன் நகரப் பள்ளியில் ஆசிரியப் பணி கிடைத்தது. பள்ளியின் ஆய்வுக்கூடமே அவருக்குத் தவச்சாலையாயிற்று. தந்தையின் பட்டறையில் பழகிய கைத்திறனால் வேண்டிய கருவிகளைத் தாமே ஆக்கிக்கொண்டார். அந்நாளைய மின்கலங்களின் ஓட்டம் சிறிது நேரத்திலேயே தளர்ந்துவிடும். எனவே இருவகை உலோகங்களை இணைத்து, ஓர் இணைப்பைக் கொதிநீராலும் மற்றதைப் பனிக்கட்டியாலும் வெவ்வேறான, மாறாத வெப்பநிலைகளில் நிறுத்தி, மாறாத மின்னோட்டம் பெற்றார். வெவ்வேறு நீளமுள்ள செப்புக் கம்பிகளை இணைத்து, காந்த ஊசியின் விலக்கத்தால் ஓட்டத்தை அளந்தார். 1825இல் வெளியிட்ட வாய்பாடு பிழையெனக் கண்டதும், அதனைப் பற்றி நில்லாமல் மறு ஆண்டே திருத்தினார். 1827இல் அவர்தம் நூல் வெளிவந்தது.

அவர் கண்ட உண்மை எளியது. ஆற்று நீர் பாய மேடு பள்ளம் வேண்டுவதுபோல் மின்சாரம் பாய மின்னழுத்தம் வேண்டும். கம்பி அதற்குத் தடை தரும். அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் கிடைப்பதே மின்தடை. 230 வோல்ட் அழுத்தத்தில் ஓர் இஸ்திரிப் பெட்டி 5 ஆம்பியர் ஓட்டம் கொள்ளுமாயின் அதன் தடை 46 ஓம். அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்கினால் வருவது மின்திறன். இங்கு 1,150 வாட். ஒரு மணி நேரம் எரிந்தால் 1.15 யூனிட் செலவாகும். கம்பி சூடேறினால் தடையும் மாறுமாதலின், வெப்பநிலை மாறாதிருந்தாலே விதி பொருந்தும் என்பதையும் மறத்தலாகாது.

கம்பியில் வெப்பமாக வீணாகும் திறன், ஓட்டத்தின் இருமடியைத் தடையால் பெருக்கியதற்குச் சமம் என்பதை 1841இல் ஜூல் என்னும் ஆங்கில அறிஞர் விளக்கினார். அழுத்தத்தைப் பத்து மடங்காக்கினால் அதே திறனைப் பத்தில் ஒரு பங்கு ஓட்டத்தால் அனுப்பலாம். இழப்போ நூற்றில் ஒரு பங்காகும். பாபநாசத்து மின்சாரம் உயர் அழுத்தக் கம்பிகளில் தொலைவூர்களுக்குச் செல்வதன் காரணம் இதுவே.

இத்தகைய நூலைத் தாயகத்து அறிஞர் பலர் மதித்தாரில்லை. மனம் நொந்த ஓம் 1828இல் கொலோன் பதவியைத் துறந்தார். நிலையான பணியின்றி ஆண்டுகள் சில கழிந்தன. 1833இல் நியூரம்பர்க்கில் பணி கிடைத்தது. 1841இல் இலண்டன் ராயல் கழகம் காப்ளி பதக்கம் அளித்தது. இளமை முதல் நாடிய பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி மியூனிக்கில் 1852இல் கைகூடியபோது அவருக்கு அகவை அறுபத்து மூன்று. ஈராண்டில், 1854 சூலை 6ஆம் நாள், மறைந்தார். இன்று உலகெங்கும் மின்தடையின் அலகு அவர் பெயராலேயே வழங்குகின்றது.

ஓமுக்கு வறுமை இருந்தது. நம் முன்னோர்க்கு இருந்த தீண்டாமைத் தளை இருந்ததில்லை. இவ்வேறுபாட்டை நாம் மறைக்கவில்லை. பள்ளி வாயிலே அடைக்கப்பட்டிருந்த தலைமுறைகள் நம்முடையவை. ஆதலின் திறந்த வாயிலின் அருமையை நம்மினும் அறிந்தோர் யார்? பூட்டுச் செய்த தந்தை தம் மைந்தர்க்குத் திறவுகோலாகக் கொடுத்தது கல்வியே. உழைத்து ஓய்ந்து வரும் பெற்றோரே, மாலையில் ஒரு நாழிகை பிள்ளைகளின் அருகில் அமருங்கள். இளைஞர்களே, கம்பியை இணைக்கும் கைத்திறனோடு நில்லாது அதன் கணக்கையும் கற்றுக்கொள்ளுங்கள். விளக்கு நம் வீட்டிற்கு வந்துவிட்டது. அதன் அறிவும் வந்து சேர்தல் வேண்டும்.