கலையறிஞர் ஆனந்த குமாரசுவாமி

அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில் புகழ்பெற்ற நுண்கலை அருங்காட்சியகம் ஒன்று உள்ளது. ராஜஸ்தானத்திலும் இமயமலைச் சாரலிலும் தீட்டப்பட்ட பழைய ஓவியங்கள் பல அங்குப் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றைத் தேடித் திரட்டியவர், அவற்றின் பொருளை உலகுக்கு விளக்கியவர், தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. நிலவியல் பயின்ற அவர் கலை வரலாற்று அறிஞராக மாறிய வரலாறு சுவையானது.

பிறப்பும் கல்வியும்

ஆனந்த குமாரசுவாமி 1877ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 22ஆம் நாள் இலங்கையின் கொழும்பு நகரில் பிறந்தார். தந்தை சர் முத்துக்குமாரசுவாமி, வழக்கறிஞர். இலங்கைச் சட்டசபையில் உறுப்பினராக இருந்தவர். அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் தந்தவர். தாய் எலிசபெத் பீபி, இங்கிலாந்தின் கென்ட் பகுதியைச் சேர்ந்தவர். அதனால் குழந்தைக்கு ஆனந்த கென்டிஷ் குமாரசுவாமி என்று பெயரிட்டனர். பெயரிலேயே இரு நாடுகளும் இடம்பெற்றுவிட்டன. இலங்கையின் பெருந்தலைவர்களாகிய பொன்னம்பலம் இராமநாதனும் பொன்னம்பலம் அருணாசலமும் இவருடைய அத்தை மக்கள்.

குழந்தைக்கு இரண்டு வயது நிறையும் முன்னரே தாய் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். பின்தொடர்ந்து செல்லவிருந்த தந்தை 1879இல் கொழும்பிலேயே காலமானார். எனவே தந்தையின் மண்ணையும் மொழியையும் அறியாமலே ஆனந்தர் வளர்ந்தார். வைக்ளிஃப் பள்ளியில் பயின்றபின், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் கற்று 1900இல் பட்டம் பெற்றார்.

கல்லைத் தேடியவர் கண்டது

1903ஆம் ஆண்டு இலங்கையின் கனிம ஆய்வுத் துறைக்கு அவர் இயக்குநரானார். 1904இல் அவர் கண்டெடுத்த கனிமமே பின்னர்த் தோரியனைட் என்று பெயர் பெற்றது. இந்த ஆய்வுகளுக்காக இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கியது. அறிவியல் உலகில் உயர்ந்த இடம் அவருக்குக் காத்திருந்தது.

ஆயினும், பாறைகளை ஆராய ஊர் ஊராகச் சென்ற அவருடைய கண்களில் வேறொன்றும் பட்டது. கண்டி மன்னர்களின் ஆட்சி 1815இல் முடிவுற்றபின், அவர்கள் ஆதரவில் வாழ்ந்த கைவினைஞர்கள் நலிந்து போயிருந்தனர். தந்தத்தில் செதுக்குவோர், வெண்கலம் வார்ப்போர், விகாரைச் சுவர்களில் ஓவியம் தீட்டுவோர், நெய்வோர், குயவர் எனப் பலரையும் அவர் கண்டார். இறக்குமதியான ஆலைப்பொருள்கள் சந்தையை நிரப்பியிருந்தன. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த அறிவு, கற்றுக்கொள்ள ஆளின்றி மறையும் நிலையில் இருந்தது. கனிமம் மண்ணுக்குள் இன்னும் ஆயிரம் ஆண்டு கிடக்கும்; கைவினைஞர் மறைந்தால் அவர் கைத்திறன் மறுநாள் கிடைக்காது. குமாரசுவாமி அவர்களுடைய கருவிகளையும் அளவுகளையும் செய்முறைகளையும் குறித்துக்கொண்டார். அவருடைய மனைவி எத்தல், நிழற்படங்கள் எடுத்துத் துணைநின்றார்.

இந்த உழைப்பே 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலாக வெளிவந்தது. ஆங்கிலக் கவிஞரும் கைவினைப் பற்றாளருமாகிய வில்லியம் மோரிஸ் பயன்படுத்திய கையச்சுப் பொறியிலேயே அந்நூல் அச்சாயிற்று. ஓராண்டுக்கும் மேல் அச்சு வேலையைக் குமாரசுவாமி தாமே மேற்பார்வையிட்டார். வெளிவந்தவை 425 படிகள் மட்டுமே. கைவினையைப் போற்றும் நூலை எந்திரத்திடம் ஒப்படைக்க அவருக்கு மனம் இல்லை போலும்!

இகழ்ச்சிக்கு விடை

அக்காலத்து ஐரோப்பிய அறிஞர் பலர், இந்தியாவில் அழகிய கைவினைப் பொருள்கள் உண்டு, உயர்கலை இல்லை என்று எண்ணினர். 1910இல் இலண்டனில் நடந்த கூட்டம் ஒன்றில் சர் ஜார்ஜ் பேர்ட்வுட் என்பவர், ஜாவாத் தீவுப் புத்தர் சிலையின் படம் ஒன்றைக் காட்டி, அதை வேகவைத்த தின்பண்டத்தோடு ஒப்பிட்டு இகழ்ந்தார். ஹேவல், குமாரசுவாமி முதலியோர் இதற்கு வாயால் மறுப்புச் சொன்னதோடு நிற்கவில்லை. இந்தியக் கலையை அறிமுகப்படுத்த இந்தியா சங்கம் என்னும் அமைப்பையே அதே ஆண்டில் நிறுவினர்.

தில்லை நடராசர் திருவுருவத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை இவ்வகையில் தலைசிறந்தது. பல கைகள் உடைய சிலையைக் கண்டு திகைத்தவர்களுக்கு, அது மனம்போன போக்கில் செய்யப்பட்டதன்று என்று அவர் காட்டினார். திருமந்திரம், உண்மை விளக்கம் ஆகிய தமிழ்ச் சைவ நூல்களையே அதற்குச் சான்றாகக் கொண்டார். உடுக்கை ஏந்திய கை படைத்தலையும், அஞ்சேல் என அமைந்த கை காத்தலையும், நெருப்பேந்திய கை அழித்தலையும் குறிக்கின்றன. ஊன்றிய திருவடி மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் உணர்த்துகின்றன. இவ்வாறு ஒரே உருவத்தில் ஐந்து தொழில்களையும் அடக்கிய சிற்பியை அவர் பெருஞ்சிந்தனையாளராகக் கண்டார். 1918இல் வெளியான சிவநடனம் என்னும் நூல் இக்கட்டுரையை உலகெங்கும் கொண்டு சென்றது. தந்தையின் மொழி வழங்காத வீட்டில் வளர்ந்தவர், அம்மொழி நூல்களின் பொருளை உலகுக்கு எடுத்துச் சொன்னார்.

இடம் கிடைக்காத ஓவியங்கள்

கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தாரோடு பழகிய குமாரசுவாமி, வடஇந்தியா எங்கும் சுற்றி ஓவியங்களைத் திரட்டினார். அதுவரை முகலாய ஓவியங்களோடு ஒன்றாகவே எண்ணப்பட்டவற்றைப் பிரித்தறிந்து, ராஜபுத்திர ஓவியம் தனியொரு மரபு என்று நிறுவினார். அரசவை நிகழ்ச்சிகளையும் அரசர் உருவங்களையும் முகலாய ஓவியர் விரும்பித் தீட்டினர். கண்ணன் கதையையும் இராகமாலையையும் மக்கள் வாழ்வையும் ராஜபுத்திர ஓவியர் போற்றினர். இவ்வாராய்ச்சி 1916இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது.

தம் தொகுப்பு முழுவதையும் நாட்டுக்கே அளிக்க அவர் முன்வந்தார். காசியில் ஓர் அருங்காட்சியகம் எழுப்பினால் போதும் என்றார். அதற்கு வேண்டிய பொருள் திரளவில்லை. செல்வர் பலர் வாழ்ந்த நாட்டில் இக்குறை நேர்ந்தது வருந்தத்தக்கதே. அப்போது முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. தன்னுரிமை இல்லாத நாட்டினர் ஆங்கிலப் படையில் சேர வேண்டியதில்லை என்று கருதிய குமாரசுவாமி, போரில் சேர மறுத்தார். இங்கிலாந்தில் வாழ்வது அரிதாயிற்று. அவர் அமெரிக்கா சென்றார். டென்மன் ராஸ் என்னும் செல்வர் ஓவியங்களை விலைக்கு வாங்கிப் பாஸ்டன் அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். 1917இல் குமாரசுவாமி அங்கே இந்தியக் கலைப்பிரிவின் காப்பாளரானார்.

பாஸ்டனில் முப்பது ஆண்டுகள்

பொருள்களைப் பூட்டி வைப்பதோடு காப்பாளர் பணி முடிவதாக அவர் கருதவில்லை. எந்தப் பொருளும் காட்சிப் பேழைக்காகச் செய்யப்படுவதில்லை. குடம் நீர் முகக்கவும், திருவுருவம் வழிபடவும் செய்யப்பட்டவை. அந்தப் பயன் இன்னதென்று காண்போருக்கு விளக்காவிடில் காட்சியால் பயனில்லை என்பது அவர் கொள்கை. ஆகவே ஒவ்வொரு சிலைக்கும் ஓவியத்துக்கும் விளக்கம் எழுதி விரிவான பட்டியல்களை வெளியிட்டார். புத்தர் உருவத்தை முதலில் வடித்தவர் கிரேக்க வழிவந்த கலைஞரே என்னும் கருத்தை 1927இல் மறுத்தார். மதுராவின் பழைய இயக்கர் சிலைகளோடு ஒப்பிட்டு, அவ்வுருவம் இம்மண்ணிலேயே தோன்றியதென்று வாதிட்டார். பழமையை மட்டும் போற்றியவர் என்று அவரை எண்ணிவிடலாகாது. நிழற்படத்தைக் கலையென்று பலர் ஏற்காத 1924ஆம் ஆண்டிலேயே, ஆல்பிரட் ஸ்டீக்ளிட்சு எடுத்த படங்களை அருங்காட்சியகம் ஏற்கச் செய்தவர் அவரே.

1947 ஆகஸ்டு 15ஆம் நாள் இந்தியா விடுதலை பெற்றது. ஒரு வாரம் கழித்துக் குமாரசுவாமிக்கு எழுபது வயது நிறைந்தது. பணியைத் துறந்து இந்தியா வந்து தங்க அவர் எண்ணியிருந்தார். ஆனால் செப்டம்பர் 9ஆம் நாள் பாஸ்டனை அடுத்த நீடம் என்னும் ஊரில் காலமானார். அவர் திரட்டிய ஓவியங்கள் பாஸ்டனில் இருக்கின்றன. அவருடைய நூல்களும் கடிதங்களும் தில்லியிலுள்ள இந்திரா காந்தி தேசியக் கலை மையத்துக்கு வந்து சேர்ந்துள்ளன.