பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார்

சிவகிரிக்குத் தென்கிழக்கே உள்ள கழுகுமலையில், பாறையில் வீற்றிருக்கும் தீர்த்தங்கரர் திருமேனிகளை நம்மில் பலர் வணங்கியிருப்போம். அங்கே வட்டெழுத்தில் குரவர் பெயர்களோடு குரத்தியர் பெயர்களும் பொறிக்கப் பெற்றுள்ளன. பெண்டிரும் ஆசிரியராய் விளங்கிய மரபு நம்முடையது. ஒரு பெண் பிற சமயத்தாரை வாதில் வெல்வதாக அமைந்த நீலகேசியும் அம்மரபின் செல்வமே. அந்நூலைச் சமயதிவாகர வாமன முனிவர் உரையுடன் 1936ஆம் ஆண்டில் பதிப்பித்தளித்தவர் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் ஆவார்.

1880இல் தமிழ்ச் சமணர் குடியில் தோன்றிய இப்பெருந்தகை, சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராகவும், கும்பகோணம் அரசினர் கல்லூரி முதல்வராகவும் பணியாற்றினார். குந்தகுந்தாசாரியாரின் பஞ்சாஸ்திகாயத்தை 1920இலும், சமயசாரத்தை 1950இலும் ஆங்கில விளக்கத்துடன் வெளியிட்டார்.

நீலகேசியின் இறுதிச் சருக்கம் பூதவாதம் பற்றியது. பூவும் வெல்லமும் ஊறிய இடத்தில் மயக்கும் ஆற்றல் பிறப்பது போலப் பூதங்களின் கூட்டத்தில் அறிவு பிறக்கிறது, உயிரென்று தனியே ஒன்றில்லை என்பது பூதவாதியர் கொள்கை. அக்கொள்கை அழிந்துவிடவில்லை. 1956இல் பிளேஸ் என்பாரும் 1959இல் ஸ்மார்ட் என்பாரும், மின்னல் என்பது மின்பாய்ச்சலே ஆவது போல உணர்வென்பதும் மூளையின் நிகழ்ச்சியே என எழுதினர். அடுத்த ஆண்டு, 1960இல், நம் பேராசிரியர் மறைந்தார்.

இன்று மருத்துவம் பயிலும் நம் பிள்ளைகள் அதே வினாவை நம்மிடம் எழுப்புகின்றனர். மூளையில் குருதிக்குழாய் அடைபட்டால் பேச்சும் நினைவும் போகின்றனவே, பின் உயிர் எங்கே என்கின்றனர். உயிர் மூளையோடு முடியுமாயின் வினைப்பயனும் வீடுபேறும் வெறுஞ்சொல்லாகும். ஆகவே இது விளையாட்டு வினா அன்று.

கதையில் நீலகேசி பேயுருக் காட்டிப் பூதவாதியை அஞ்சுவிக்கிறாள். நம் பிள்ளைகளுக்கு அச்சம் விடையாகாது. பேராசிரியர் விளக்கிய ஆகமத்திலேயே விடைக்கு வழியுண்டு. திரவிய மனம் புத்கலமே. கர்மமும் நுண்ணிய புத்கலமே. எனவே மூளை பழுதுற்றால் அறிவு மங்குவதைச் சமணம் மறுக்கவில்லை. பாலில் இட்ட மாணிக்கம் பால் முழுதும் ஒளி பரப்புவது போல உயிர் உடலெங்கும் நிறைகிறது என்கிறது பஞ்சாஸ்திகாயம். பாலும் மணியும் கலந்து தோன்றினும் இரண்டும் ஒன்றல்ல. நோயாளியின் மூளையில் நிகழ்வதை மருத்துவர் கருவியால் காண்கிறார். அந்நோவை நுகர்பவர் நோயாளி ஒருவரே.

அறியும் வழி இரண்டாயினும் அறியப்படும் பொருள் ஒன்றே என்று எதிர்ப்பக்கத்தார் கூறுவர். அதனையும் நாம் செவிமடுத்தல் வேண்டும். மாற்றார் வாதத்தையும் மறைக்காமல் அச்சேற்றித் தந்தவர் நம் பேராசிரியர். வினவும் பிள்ளையைக் கடிந்து அடக்காமல், அருகமர்த்தி நீலகேசியை உடன் பயில்வதே அப்பெருமகனாருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.