ஒளியை ஆராய்ந்த இராமன்

சர் சி. வி. இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். அவருடைய தந்தையார் சந்திரசேகரன் ஆசிரியப் பணி ஏற்று விசாகப்பட்டினம் சென்றார். அதனால், தமிழ்ச் சிறுவராகிய இராமன் ஆந்திர மண்ணில் பள்ளிக் கல்வி பயின்றார்.

பின்னர், இராமன் அரசின் நிதித்துறையில் உயர்பதவி வகித்தார். கல்கத்தாவில் அலுவலக நேரம் போக, காலையும் மாலையும் ஆய்வுக்கூடத்திலேயே கழித்தார். ஊதியம் குறையும் என்று அறிந்தும், 1917இல் அப்பதவியைத் துறந்து இயற்பியல் பேராசிரியர் ஆனார்.

1921இல் கப்பலில் செல்லும்போது, மத்தியதரைக் கடலின் நீலநிறம் அவரது சிந்தனையைத் தூண்டியது. பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறுவதை 1928 பிப்ரவரி 28இல் கண்டறிந்தார். இந்த ‘இராமன் விளைவு’ 1930இல் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. 1970இல் அவர் மறைந்தார்.

சிதறும் ஒளி மிகவும் மங்கலானது. அதனை ஆராய வலிமையான ஒளி வேண்டும். 1960இல் தோன்றிய லேசர் அவ்வொளியை அளித்தது. சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே காதங்கியில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடம் உள்ளது. அங்கு, நியோடிமியம் என்னும் அருமண் தனிமம் கலந்த படிகத்தால் இயங்கும் லேசர், பச்சை ஒளிக்கற்றையை வானில் செலுத்துகிறது. சிதறித் திரும்பும் ஒளியைக் கொண்டு வளிமண்டலத்தின் நிலையை அறிகின்றனர். மங்கிய ஒளியையும் புறக்கணியாது ஆராய்ந்த இராமனின் வழி அங்கும் தொடர்கிறது.