கிருமியை மருந்தாக்கிய டாக்டர்: யார் இந்த வில்லியம் கோலி?

உணவுக்குழாய்ப் புற்றுநோய் முற்றிய நிலையில் வருபவர்களில் பலருக்கு இன்று கீமோதெரபியோடு இம்யூனோதெரபியும் கொடுக்கிறார்கள். கூடவே கதிர்வீச்சையும் சேர்த்தால் இன்னும் பலன் கிடைக்குமா என்று ஆய்வுகள் நடக்கின்றன. ஆனால், 100 வருஷத்துக்கு முன்னாடி கதிர்வீச்சும் இம்யூனோதெரபியும் எதிரெதிர் அணி. அந்தப் போட்டியில் தோற்றவர்தான் வில்லியம் கோலி.

1862-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தார். ஹார்வர்டில் மருத்துவம் படித்து, நியூயார்க்கில் சர்ஜன் ஆனார். 1890-ல் பெஸ்ஸி டேஷீல் என்ற 17 வயதுப் பெண் கை வலியோடு அவரிடம் வந்தார். சோதித்ததில் சார்கோமா என்ற புற்றுநோய். கையை வெட்டியெடுத்தும் நோய் பரவியது. சில மாதங்களிலேயே பெஸ்ஸி இறந்துபோனார். கோலிக்கு அப்போது 30 வயதுகூட ஆகவில்லை. அந்த மரணம் அவரைத் தூங்கவிடவில்லை.

ஆஸ்பத்திரியின் பழைய ரெக்கார்டுகளைப் புரட்டினார். கழுத்தில் கட்டியோடு வந்து, டாக்டர்கள் கைவிட்ட ஒருவருக்கு எரிசிபெலஸ் என்ற தோல் தொற்று வந்திருந்தது. கடும் காய்ச்சல். அது தணிந்தபோது கட்டியும் காணாமல் போயிருந்தது! கோலி அவரைத் தேடி அலைந்து கண்டுபிடித்தார். ஏழு வருஷம் கழித்தும் மனிதர் நன்றாகவே இருந்தார்.

1891-ல் கோலி துணிந்து ஒரு நோயாளிக்கு உயிருள்ள கிருமியையே ஊசியில் ஏற்றினார். கட்டி கரைந்தது. ஆனால், இந்த முறையில் சிலர் உயிரிழக்கவும் செய்தார்கள். அதனால் 1893 முதல் கொல்லப்பட்ட கிருமிகளின் கலவைக்கு மாறினார். 'கோலி டாக்சின்' என்று அதற்குப் பெயர் வந்தது.

அப்புறம் ஏன் தோற்றார்? மருந்தின் வீரியம் ஒரே சீராக இல்லை. மற்ற டாக்டர்களுக்கு அதே பலன் கிடைக்கவில்லை. எப்படி வேலை செய்கிறது என்று அவராலேயே விளக்க முடியவில்லை. அதே நேரத்தில் எக்ஸ்ரேயும் ரேடியமும் வந்தன. கோலியும் அவற்றைப் பயன்படுத்தியவர்தான். ஆனால், அவர் வேலை பார்த்த மெமோரியல் ஆஸ்பத்திரியில் செல்வாக்கோடு இருந்த ஜேம்ஸ் யூயிங், கதிர்வீச்சின் பக்கம் நின்றார், டாக்சினை நம்பவில்லை. 1936-ல் கோலி இறந்தபோது அவரது வழியும் கிட்டத்தட்ட மறக்கப்பட்டிருந்தது.

மகள் ஹெலன் விடவில்லை. அப்பாவின் நோயாளிகள் பற்றிய குறிப்புகளைத் திரட்டினார். 1953-ல் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக ஓர் அமைப்பையும் தொடங்கினார். நோய் எதிர்ப்பு செல்களின் 'பிரேக்'கை விடுவித்துப் புற்றுநோயைத் தாக்க வைக்கும் வழியைக் காட்டிய இருவருக்கு 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு இப்போது தரப்படும் இம்யூனோதெரபி அந்த வகைதான்.

கதிர்வீச்சை ஏன் அதோடு சேர்க்கப் பார்க்கிறார்கள்? கதிர்வீச்சு கட்டியின் செல்களை உடைக்கும். சிதறும் துணுக்குகளை வைத்து உடம்பு எதிரியை அடையாளம் காணலாம். இம்யூனோதெரபி பிரேக்கை எடுத்துவிடும். கீமோ, மிச்சமுள்ள செல்களைத் தாக்கும். எல்லோருக்கும் இது பொருந்தாது. பக்க விளைவுகளும் கூடலாம். ஆனாலும், கோலி காலத்தில் மோதிக்கொண்ட இரண்டு வழிகளும் இன்று ஒரே நோயாளிக்காகக் கைகோக்கப் பார்க்கின்றன.