சட்டம் எழுதிய மருத்துவர்
டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்



நம் வீட்டுப் பெண்கள் கர்ப்ப காலத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று நிரப்பித் தரும் மகப்பேறு நிதியுதவி விண்ணப்பத்தில் ஒரு பெயர் அச்சிடப்பட்டிருக்கும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்பது அப்பெயர். அவர் நம் புதுக்கோட்டையில் பிறந்தவர் என்பதை அறிந்தோர் நம்மிடையே சிலரே. கடந்த சில ஆண்டுகளாக நம் நிர்வாகக் குழுவிடம் ஜமாஅத்தார்கள் அதிகமாகக் கேட்டு வருபவை குடும்பச் சட்டங்கள் பற்றிய கேள்விகளே. திருமணப் பதிவு கட்டாயமா, மணவயது மாறப்போகிறதா, நம் நிக்காஹ் தஃப்தர் போதாதா என்று கேட்கின்றனர். இத்தகைய சட்டங்கள் எங்ஙனம் பிறக்கின்றன, பிறந்தபின் எத்தனை காலம் கழித்து ஊர் வந்து சேர்கின்றன என்பதை இவரது வாழ்வைக் கொண்டு சொல்லலாம் என்று கருதியே இவ்வாண்டு மலரில் இதனை எழுதுகிறோம்.

1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் அவர் பிறந்தபோது புதுக்கோட்டை ஒரு தனிச் சமஸ்தானம். தந்தை நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள், கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்திற்கு உட்பட்டிருந்த குலத்தில் பிறந்தவர். பின்னாளில் சட்டசபையில் எந்த வழக்கத்தை எதிர்த்து இவர் நின்றாரோ, அது இவருக்கு ஏட்டில் படித்த செய்தி அன்று, தாய்வழிச் சுற்றத்தில் கண்ட வாழ்க்கை.

பருவம் எய்திய பெண் பள்ளிக்குச் செல்வது அக்காலத்தில் நினைத்துப் பார்க்க இயலாத ஒன்று. ஆகவே வீட்டிலிருந்தே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். அதன்பின் ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். ஊரில் ஆட்சேபம் கிளம்பியது. ஒரு பெண் வந்தமர்ந்தால் பையன்களின் ஒழுக்கம் கெடும் என்று பெற்றோர் சிலர் முறையிட்டனர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவற்றைப் புறந்தள்ளி இடமளிக்கும்படி ஆணையிட்டார். இன்று மன்னர் கல்லூரி என்று நாம் அழைப்பது அக்கல்லூரியையே. அந்த ஓர் ஆணை இல்லையெனில் பின்னர் நடந்த எதுவும் நடந்திராது என்றே நமக்குத் தோன்றுகிறது.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் பதக்கங்களுடன் தேறி மருத்துவரானார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும் என்ற நிபந்தனையை முன்வைத்தே மணத்திற்கு இசைந்தார். இம்மணம் 1872ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின்படி நடைபெற்றது. அச்சட்டம் விசித்திரமானது. அதன்படி மணம் புரிவோர், தாம் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் முதலிய எம்மதத்தையும் சார்ந்தவர் அல்லர் என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. சாதி கடந்து மணக்க விரும்பியோர் மதத்தையே மறுத்துக் கையெழுத்திட நேர்ந்தது. 1954இல் சிறப்புத் திருமணச் சட்டம் வந்தபோதுதான் அது முற்றிலும் நீங்கியது. ஒரு சட்டத்தின் வாசகம் தனிமனிதரின் வீட்டுக்குள் எவ்வளவு தூரம் நுழையும் என்பதை அம்மையார் தம் மணநாளிலேயே கண்டிருப்பார்.

சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு 1921இல் வாக்குரிமை கிடைத்தது. சட்டசபையில் உறுப்பினராகும் உரிமை 1926இல் வந்தது. இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால் அம்மையார் நியமன உறுப்பினராக அவைக்குள் சென்றார். மருத்துவத் தொழில் கெடுமே என்று முதலில் தயங்கினார். ஆயினும் 1927இல் அவையின் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அவ்வாண்டு நவம்பரில், சிறுமியரைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேறச் செய்தார். இங்கே ஒரு நுட்பம் உண்டு. தீர்மானம் என்பது அரசுக்குச் செய்யும் பரிந்துரை மட்டுமே. அதனை மீறியவரைத் தண்டிக்க இயலாது. மசோதா வேண்டும். அதற்கு அவர் கண்ட வழி சிந்திக்கத் தக்கது. பொட்டுக்கட்டிய பெண்களைக் கோயிலோடு பிணைத்தது நம்பிக்கை மட்டுமன்று, மானிய நிலமும்தான். ஊழியம் செய்தால் நிலம், விட்டால் நிலம் போய்விடும். ஆகவே 1926ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்திற்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அரசுக்கு ஒரு தீர்வையைச் செலுத்திவிட்டு, ஊழியம் செய்யாமலேயே நிலத்தை அப்பெண்கள் வைத்துக்கொள்ளலாம் என்று அது கூறியது. 1929 தொடக்கத்தில் அது சட்டமாயிற்று. வழக்கத்தை வைதுகொண்டிராமல், வழக்கம் நின்றிருந்த மண்ணை அவர் தொட்டார். அம்மையாரின் பணிகளுள் நம்மை மிகவும் கவர்ந்தது இதுவே.

எதிர்ப்பு பல திசைகளிலிருந்து வந்தது. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி எதிர்த்தார். அவருக்கு அம்மையார் கொடுத்ததாக மேடைகளில் சொல்லப்படும் பதிலடியை நாம் இங்கே எடுத்தெழுதவில்லை. ஆளுக்கொரு விதமாகச் சொல்லப்படுகிறது. அதனினும் கவனிக்க வேண்டியது அப்பெண்களிடமிருந்தே வந்த எதிர்ப்பு. பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட கலைவாணிகள் ஒன்றுகூடி, எங்களைக் கேளாமல் எங்களைப் பற்றிச் சட்டம் செய்வதா, எங்கள் கலையும் சொத்தும் என்னாகும் என்று அரசுக்கு மனு அளித்தனர். மறுபுறம், அதே சமூகத்தில் பிறந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று ஒழிப்பை ஆதரித்தார். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குச் செல்லும் நம் பெண்பிள்ளைகள் 2022 முதல் மாதம் ஆயிரம் ரூபாய் பெறும் புதுமைப் பெண் திட்டம் இந்த இராமாமிர்தம் அம்மையாரின் பெயரால் அமைந்ததே. நாகரத்தினம்மாளின் கேள்வியை வெறும் பிற்போக்கு என்று நாம் ஒதுக்கிவிட விரும்பவில்லை. தம்மைப் பற்றிய சட்டத்தில் தம் குரல் கேட்கப்படவில்லை என்ற வருத்தம் எத்தகையது என்பதை நாமும் அறிவோம். எனினும் ஏழெட்டு வயதுச் சிறுமிக்கு மனு எழுதத் தெரியாது. அவளுக்காகப் பேச அவையில் ஒருவர் இருந்ததே பெரிது.

1930இல் பொட்டுக்கட்டுவதையே குற்றமாக்கும் முழு மசோதாவை அவர் கொண்டுவந்தார். அவ்வாண்டிலேயே, உப்புச் சத்தியாக்கிரகத்தில் காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார். கொள்கைப்படி அது உயர்ந்த செயல். ஆனால் அவையில் மசோதாவைத் தாங்கிப் பிடிக்க ஆளில்லாமல் போயிற்று. பம்பாய் மாகாணம் 1934இல் இத்தகைய சட்டத்தை இயற்றிக்கொண்டது. சென்னையில் 1947வரை காத்திருக்க நேர்ந்தது. முதல் தீர்மானத்திலிருந்து கணக்கிட்டால் இருபது ஆண்டுகள். பிறக்கும்போதே கோயிலுக்கென்று நேர்ந்துவிடப்பட்ட ஒரு குழந்தை தாயாகும் காலம் அது.

அப்பொழுதும் அது நம் ஊருக்கு வரவில்லை என்பதே நாம் சொல்ல விரும்பும் செய்தி. பொன்னமராவதி புதுக்கோட்டைச் சமஸ்தானத்திற்கு உட்பட்டது. அண்டையிலுள்ள சிங்கம்புணரியோ பிரிட்டிஷ் ஆட்சியின் சென்னை மாகாணத்திற்கு உட்பட்டது. சென்னைச் சட்டசபை செய்யும் சட்டம் சிங்கம்புணரியோடு நின்றுவிடும். சமஸ்தானம் தானே ஏற்றுக்கொண்டாலன்றி எல்லையைத் தாண்டி இங்கு வராது. 1948 மார்ச் 3ஆம் நாள் புதுக்கோட்டை சென்னை மாகாணத்தோடு இணைந்த பின்னரே அந்நிலை மாறியது. சமஸ்தானத்தில் பிறந்து சென்னையில் சட்டம் செய்த அம்மையாரின் சொல், அவர் பிறந்த மண்ணில் தானாகச் செல்லுபடியாகவில்லை.

குழந்தை மணத் தடுப்பிலும் இவ்வாறே நிகழ்ந்தது. பிரசவ மருத்துவர் என்ற முறையில், மணவயதை உயர்த்த வேண்டுமென அம்மையார் அவையிலும் வெளியிலும் வாதாடினார். மத்திய சட்டசபையில் 1929இல் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என வயது குறித்தது. அது எல்லா மதத்தாருக்கும் பொதுவானது. முஸ்லிம் உறுப்பினர்களிடையேயும் கருத்து ஒன்றாக இல்லை. பலர் எதிர்த்தனர், ஜின்னா ஆதரித்துப் பேசினார். சட்டம் நிறைவேறியது செப்டம்பரில். நடைமுறைக்கு வந்தது 1930 ஏப்ரல் முதல் நாள். இடைப்பட்ட ஆறு மாதங்களில் நாடெங்கும் அவசர அவசரமாகச் சிறுவர் சிறுமியருக்கு மணம் முடித்தனர்! வந்தபின்னும் புகார் செய்ய ஆளில்லாமல் அது பெரும்பாலும் ஏட்டிலேயே உறங்கியது. 1978இல் வயது 18 என்றும் 21 என்றும் உயர்ந்தது. 2006இல் புதிய தடைச் சட்டம் வந்தது. பெண்ணின் வயதையும் 21 ஆக்கும் மசோதா 2021 டிசம்பரில் மக்களவையில் வைக்கப்பட்டு, 2024இல் அவை கலைந்தபோது காலாவதியானது. அது சட்டமாகிவிட்டதென்று எண்ணி நம்மிடம் விசாரித்தோர் பலர். ஆகவில்லை.

தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009இல் எல்லா மதத்தாருக்கும் வந்தது. நிக்காஹ் தஃப்தரில் எழுதியதோடு நில்லாமல் 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிவு செய்ய வேண்டும். இதனை உரிய காலத்தில் அறியாது, கணவருடன் வெளிநாடு செல்லும் வேளையில் சான்றிதழின்றி அலைந்த குடும்பங்கள் நம் ஜமாஅத்திலும் உண்டு. நாமும் அப்பொழுது உடனடியாக அறிவிக்கத் தவறினோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

அம்மையாரிடம் திரும்புவோம். பதவி துறந்த 1930ஆம் ஆண்டிலேயே, பொட்டுக்கட்டும் குலத்துச் சிறுமியர் மூவர் இரவு வேளையில் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். சென்னையில் அன்றிருந்த விடுதிகள் சாதி பார்த்துச் சேர்ப்பவை. அவற்றில் இவர்களுக்கு இடமில்லை. சட்டம் இன்னும் வரவில்லை, சிறுமியர் வந்துவிட்டனர். தம் வீட்டிலேயே அவர்களை வைத்துக்கொண்டார். அதுவே அவ்வை இல்லமாயிற்று. பின்னர் அடையாற்றில் பெரிய இல்லமாகவும் பள்ளியாகவும் வளர்ந்தது. முஸ்லிம் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்க விடுதி அமைய வேண்டும் என்பதிலும் அவர் அக்கறை காட்டினார்.

இளைய சகோதரி புற்றுநோயால் மாண்டதை மறவாமல், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் வரலாறு தனியே எழுதத் தக்கது. நம் மாவட்டத்திலிருந்து அங்கே சென்று சிகிச்சை பெற்றோர் பலர். 1956இல் பத்மபூஷண் விருது பெற்றார். அவர் பிறந்த ஜூலை 30ஆம் நாளை மருத்துவமனை தினமாகத் தமிழக அரசு 2019இல் அறிவித்தது.

1947இல் அவரது மசோதா சட்டமானபோது அதனை முன்மொழிய அவர் அவையில் இல்லை. அடையாற்றில் சிறுமியரிடையே இருந்தார். 1968 ஜூலை 22ஆம் நாள் சென்னையில் காலமானார். 82 வயது நிறைவதற்கு எட்டு நாட்களே இருந்தன.