யார் இந்த மார்ட்டின் பரோ? போருக்கு நடுவே மனநலம் பேசிய உளவியலாளர்

உங்களுக்குத் தூக்கமே வரலைன்னு ஒரு உளவியலாளரிடம் போறீங்க. குழந்தைப் பருவம், பழக்கவழக்கம் எல்லாம் விசாரிக்கிறார். ஆனா, உங்க தெருவிலிருந்து ராணுவம் ஆட்களைத் தூக்கிட்டுப் போறதைப் பத்தி ஒரு வார்த்தைகூட கேட்கலை. இது சரியா?

1980-களில் மத்திய அமெரிக்க நாடான எல் சல்வடோரில், தன் துறையினரைப் பார்த்து இந்தக் கேள்வியை எழுப்பியவர் இக்னாசியோ மார்ட்டின் பரோ.

1942-ல் ஸ்பெயினில் பிறந்தவர். இயேசு சபைப் பாதிரியார். 1979-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். பிறகு சான் சல்வடோர் திரும்பி, மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பித்தார். அடுத்த ஆண்டே உள்நாட்டுப் போர் தொடங்கியது. 12 ஆண்டுகளில் சுமார் 75,000 பேர் இறந்தனர்.

அவர் என்ன சொன்னார்?

பணக்கார நாடுகளின் பாடப்புத்தகத்தை அப்படியே காப்பியடித்து, வறுமையும் வன்முறையும் தரும் காயத்தைத் தனிமனிதக் கோளாறாக உளவியலாளர்கள் பார்க்கிறார்கள் என்றார். எல்லாம் விதி என்று ஏழைகள் ஒதுங்குவது அவர்களின் குணம் அல்ல; எவ்வளவு உழைத்தாலும் எதுவும் மாறாத அனுபவம் கற்றுத்தந்த பாடம். தனிநபர் சிகிச்சை வேண்டாம்னு அவர் சொல்லலை; அது மட்டும் போதாதுன்னார். போர் உடைப்பது மனித உறவுகளை. அதனால் மக்களோடு சேர்ந்துதான் அதைச் சரிசெய்ய முடியும். இதற்கு அவர் வைத்த பெயர், விடுதலை உளவியல்.

டேட்டா எப்படி வந்தது?

1986-ல் பல்கலைக்கழகத்திலேயே கருத்துக்கணிப்பு மையம் ஒன்றைத் தொடங்கினார். பயத்தில் வாய்மூடிய சமூகத்துக்கு, அது நிஜமா என்ன நினைக்குதுன்னு காட்டுவதுதான் நோக்கம். போரைப் பேச்சுவார்த்தையில் முடிக்கணும் என்பதே பெரும்பாலோரின் விருப்பம் என அந்தக் கணிப்புகள் காட்டின.

1989 நவம்பர் 16 அதிகாலை, ராணுவத்தின் அட்லகாட்ல் படைப்பிரிவு வளாகத்துக்குள் புகுந்தது. முக்கிய இலக்கு, சமரசத்துக்கு வாதாடிய பல்கலைக்கழகத் தலைவர் எல்லகுரியா. சாட்சி மிஞ்சக்கூடாது என்று மற்றவர்களையும் கொன்றார்கள்: மார்ட்டின் பரோ உட்பட 6 பாதிரியார்கள், சமையல் செய்த பெண், அவர் மகள். மார்ட்டின் பரோவுக்கு அப்போது வயது 47. இந்த வழக்கில் முன்னாள் கர்னல் மொன்டானோவுக்கு 2020-ல்தான் ஸ்பெயின் நீதிமன்றம் 133 ஆண்டுகள் தண்டனை விதித்தது.

நமக்கென்ன?

அடுத்த முறை உங்க ஆபீஸில் மனஅழுத்தத்தைச் சமாளிப்பது எப்படின்னு வகுப்பு எடுத்தால், மூச்சுப்பயிற்சியைக் கத்துக்கோங்க. கூடவே வேலை நேரம், சம்பளம், லீவு பத்தியும் கேளுங்க.