அறிவியலறிஞர் ஜானகி அம்மாள்

எப்படிப்பு, எதன்பொருட்டு என ஆராயும் நம் திசையன்விளை வட்டார இளைஞர் அறியவேண்டிய வரலாறு இது. சாதியடுக்கில் தாழ்த்தப்பட்டிருந்த தீயர் வகுப்பில், 1897இல் தலைச்சேரியில் பிறந்தவர் ஜானகி அம்மாள். மணவாழ்வை விடுத்துச் சென்னையிலும் அமெரிக்காவின் மிச்சிகனிலும் தாவரவியல் பயின்று, 1931இல் டாக்டர் பட்டம் பெற்றார். கோயம்புத்தூரில் கரும்பைச் சோளத்தோடும், ஏன், மூங்கிலோடும்கூடக் கலந்து ஆராய்ந்தார். பின்பு இங்கிலாந்தில் பணியாற்றினார். 1951இல் பிரதமர் நேரு அழைக்கத் தாயகம் திரும்பி, இந்தியத் தாவர ஆய்வுத் துறையைச் சீரமைக்க உழைத்தார்.

அரசுப் பதவி வகித்தவரே எனினும், கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கில் மின்சாரத்திற்காக அணை கட்ட அரசு முனைந்தபோது, அம்மையார் காட்டின் பக்கமே நின்றார். எண்பதை எட்டும் முதுமையில் அக்காட்டு மரங்களின் குரோமோசோம்களை ஆராயத் துணிந்தார். கற்ற கல்வியே அவர் ஏந்திய படைக்கலம். 1984 பிப்ரவரியில் அவர் மறைந்தார். அவ்வாண்டு நவம்பரில் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.